படுக்கைக்கு ஒரு அட்டெண்டர்

என் மைத்துனன் தினேஷ் எனக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்து அவனுக்கு ஆறுதல் சொன்னவன் நான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்காவைப் பார்த்துக்கொள், கடைச் சாவியை என் சித்தப்பா மகனிடம் மட்டும் கொடுத்துவிடாதே, புத்தகங்களை எடைக்குப் போடாதே, போட்டாலும் கெட்டி அட்டை போட்டவற்றையாவது விட்டுவை என்று வெகுநேரம் உயில் வாசித்தேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அந்தக் கண்ணீரில் எனக்குச் சேர வேண்டியது ஒரு சொட்டுகூட இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் திருவொற்றியூரில் நட்டு போல்ட்டு விற்கிறேன். ஓய்ந்த நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டில் எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. இந்தக் கட்டுரையை தினேஷிடமும் அவன் மனைவி ரேவதியிடமும் படித்துக் காட்டி, பெயர்களை மாற்றி, அனுமதி வாங்கித்தான் வெளியிடுகிறேன். ரேவதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நான் அழுத மாதிரி எங்கயும் எழுதக்கூடாதுண்ணா. அழுதது அவரு.”

வலி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற வலி, சாப்பிட்டதும் வரும், போகும். கேஸ் என்று நானே முடிவுசெய்தேன். ஓமம் மென்றேன். இஞ்சி குடித்தேன். கடைக்கு எதிரே சோடா விற்பவர் என்னை நம்பி வியாபாரத்தைப் பெரிதாக்கும் நிலைக்கு வந்தார். “இத்தன புக்கு படிச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணாவது டாக்டர் எழுதுனதா?” என்று என் மனைவி மல்லிகா கேட்டாள். அவள் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்பது அவள் தொழில் என்று விட்டுவிட்டேன். ஒரு மாலை, அரை அங்குல போல்ட்டு மூட்டைமேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு கிடந்தேன். கடைப் பையன்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு, நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் முடிந்ததும் டாக்டர் விளக்கினார். பித்தப்பையில் கற்கள். அதில் ஒரு சின்னக் கல் நழுவி வந்து, பித்தநீரும் கணையநீரும் குடலுக்குள் இறங்கும் பொதுவாசலை அடைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாத கணையநீர் தான் பிறந்த கணையத்தையே அரிக்க ஆரம்பித்துவிட்டது. இதற்குக் கணைய அழற்சி என்று பெயர். கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதால் வாய்வழியாக எதுவும் கிடையாது, தண்ணீர்கூட. “பெரும்பாலும் அடங்கிடும். சில பேருக்கு மோசமாப் போகும். எதுங்கிறது ரெண்டு மூணு நாள் போனாத்தான் தெரியும். அடங்கினதும் பித்தப்பையை எடுத்துடலாம்.”

இதை டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். என் வயிற்றுக்கு மேலாக, கட்டிலின் மறுபக்கம் நின்ற தினேஷிடம் சொன்னார். நடுவில் கிடந்த நான் முகத்தை அங்கும் இங்கும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மோசமாகப் போகும் என்ற சொல் என் தலைக்கு மேலே, கொசுவைப் போல ஒருமுறை பறந்து போனது.

படுக்கை ஒன்றுக்கு ஒரு அட்டெண்டர் என்பது ஆஸ்பத்திரி விதி. சொந்தக்காரர் ஒருவர் கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்து ஸ்டூலில் எந்நேரமும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு கொடுத்தால் கீழே ஓட வேண்டும், சலைன் பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும். மல்லிகாவுக்குப் பள்ளியில் தேர்வு நேரம். ஆகவே தினேஷ் வந்தான். அவளைவிட இருபது வயது இளையவன், அம்மா போனபிறகு இவள் வளர்த்த பிள்ளை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் வேலை. உள்ளே வரும் டிரெய்லரின் நம்பரையும் கன்டெய்னர் கதவில் போட்ட முத்திரையையும் சரிபார்த்து விடுவான். எனக்காக லீவு போட்டான்.

அவனைப்போல ஒரு அட்டெண்டர் கிடைக்க மாட்டான். என் உதடு காய்ந்தால் கேட்காமலே ஈரப்பஞ்சால் துடைப்பான். பார்க்க வருபவர்களைச் சமாளிப்பான். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதவனைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள். பேச்சு சுவாரசியத்தில் அவர்களே உரித்துத் தின்பார்கள். “போதும் மாமா கிளம்புங்க, பேஷண்ட்டு நீங்க தின்றத பாத்துகினே கீறாரு” என்று அவன்தான் எழுப்பி அனுப்புவான். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தோலைக்கூட அவர்களே எடுத்துப் போனார்கள்.

இப்படிப்பட்டவன் ஒரு பிற்பகல், நான் தூங்குகிறேன் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதான். கீழே சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நகராமல் நின்றன. டாக்டர் என்னிடம் மறைத்ததை இவனிடம் சொல்லிவிட்டார் போல என்று முடிவுசெய்தேன். அப்போதுதான் அந்த உயில் வைபவம் நடந்தது.

அன்றே வாந்தி தொடங்கி நிற்கவில்லை. மறுநாள் மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் இறக்கினார்கள். வயிற்றில் சேரும் நீரை வெளியே எடுக்கிற குழாய் அது. வலி அதிகமில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசினால் தொண்டையில் தூண்டில் முள் மாட்டிய மீனுடைய நிலைமை. ஒரு நாள் முன்னதாக இறக்கியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

குழாயோடு கிடந்த காலையில்தான் அந்தப் பெட்டி வெளிப்பட்டது. நர்ஸ் சீட்டு எழுதித் தருவார், அட்டெண்டர் கீழே மருந்துக்கடையில் வாங்கி ஒரு கவரில் கொண்டுவருவான், நர்ஸ் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து என் தட்டில் வைப்பார். இதுதான் முறை. சிஸ்டர் ஸ்டெல்லா என்று ஒருவர். கண்டிப்பானவர், சிரிப்பை மாதக்கடைசிக்கு ஒதுக்கி வைத்தவர் மாதிரி இருப்பார். கவரைக் கொட்டி எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தார். என் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

“சார், இதை உங்களுக்கு எந்த டாக்டர் எழுதுனது?”

கண்ணாடி இல்லாமல் நான் என்னத்தைக் கண்டேன். “கேஸ் ட்ரபிளுக்கா?” என்று கரகரத்தேன்.

“இது கருவைக் கலைக்கிற மாத்திரை.”

பக்கத்துக் கட்டில்காரர் போனில் பார்த்துக்கொண்டிருந்த சண்டைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

தினேஷ் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான். தண்டையார்பேட்டையில் எங்கோ வாங்கித் தன் பைக்குள் போட்டுவைத்தது, என் மருந்துகளோடு கலந்துவிட்டது. சிஸ்டர் திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் திரைக்கு உள்ளேதான் நானும் இருந்தேன்.

“யாருக்கு?”

“என் வொய்ஃபுக்கு சிஸ்டர்.”

“அவங்க கேட்டாங்களா?”

“இல்ல. யார்டுல ஒரு தோஸ்து சொன்னான், வாங்கிக் குடுத்துடு, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்னு.”

“ஸ்கேன் எடுத்தாச்சா?”

“இல்ல சிஸ்டர்.”

“கரு கர்ப்பப்பையில இருக்கா, கருக்குழாயில தங்கியிருக்கான்னு ஸ்கேன்லதான் தெரியும். குழாயில இருந்து, அது தெரியாம இந்த மாத்திரையப் போட்டா, கலைஞ்சிடுச்சுன்னு நீங்க நினைச்சிட்டு இருப்பீங்க. உள்ள குழாய் வெடிக்கும். உயிர் போயிடும். உன் தோஸ்து வந்து நிப்பானா?” பெட்டியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அவங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல கேளு. வேணும்னாலும் ஸ்கேன், வேணாம்னாலும் ஸ்கேன். வேணாம்னா அரசாங்க ஆஸ்பத்திரியிலயே சட்டப்படி செய்வாங்க. வயசு வந்த பொண்ணு, அவங்க கையெழுத்து ஒண்ணு போதும். உன் கையெழுத்துகூட வேணாம். நாளைக் கடத்தாத. ஒம்பது வாரத்துக்குள்ளன்னா மாத்திரையிலயே முடியும். அதுக்கு மேல போனா வேற முறை.”

அவர் போனதும் தினேஷ் ஸ்டூலில் உட்கார்ந்தான். “அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது மாமா” என்றான். அப்புறம் பேசினான்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. ரேவதி டிப்ளமோ படித்தவள். கன்டெய்னர் டெர்மினல் ஒன்றில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் ஆரம்பம். தினமும் உச்சியில் இருக்கும் கேபினுக்கு ஏறி இறங்க வேண்டும். அவர்கள் வட்டாரத்திலிருந்து அந்த உயரத்துக்கு எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. இந்த நேரத்தில்தான் நாள் தள்ளிப்போனது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு.

“கல்யாணம் ஆன வூட்ல இது நல்ல சேதி மாமா. தெரிஞ்சா அக்கா தெருவுக்கே கேசரி குடுக்கும். அப்பறம் வேணாம்னு நெனைக்கிறதுக்குக்கூட எடம் இருக்காது. அதான் யாராண்டயும் சொல்லல.”

“அவ என்ன...” என்று ஆரம்பித்தேன். முள் குத்தியது. நிறுத்திக்கொண்டேன்.

“இன்னா பண்லாம்னு கேட்டா. உன் இஷ்டம்னு சொன்னேன். அது கரீட்டுதான மாமா? நான் வேணும்னு சொன்னா அவ டிரெய்னிங் போச்சு. வேணாம்னு சொன்னா, நாளைக்கி ஒண்ணுன்னா நீதான சொன்னேன்னு வரும். ஒருத்தன் ஆம்பளையா லட்சணமா நீ முடிவெடுன்றான். ஒருத்தன் மாத்திரைய வாங்குன்றான். நான் வாய மூடிகினேன். அவளும் மூடிகினா. நாலு நாளா வூட்டுக்குப் போனா டிவி மட்டும்தான் பேசிகினு கீது.”

எழுந்து என் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்தான்.

“எனக்கும் உள்ள இன்னாவோ பண்ணுது மாமா. அப்பான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். மறு நிமிஷம் பயமா கீது. ஆனா இத்த யாராண்ட சொல்றது? வயிறு அவளுது. எனக்குப் பேஜாரா கீதுன்னு அவளாண்டயே போய்ச் சொன்னா, அவ அவளப் பாப்பாளா என்னப் பாப்பாளா?”

அவனுக்குச் சொல்ல என்னிடம் விஷயங்கள் இருந்தன. திருக்குறளில் இரண்டு, பழமொழி நான்கு, என் சொந்தச் சரக்காக ஒரு உவமை. எல்லாம் வரிசையில் நின்றன, கீழே நின்ற டிரெய்லர்களைப்போல. குழாய் ஒன்றையும் விடவில்லை. ஆகவே அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவன் பேசினான், நிறுத்தினான், மறுபடி பேசினான். கடைசியில், “நீங்க ஒருத்தர்தான் மாமா நடுவுல பூந்து பேசாம கேட்டீங்க” என்றான். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக இந்தப் பாராட்டு எனக்குக் கிடைத்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய்க்குப் போக வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ரேவதி என்னைப் பார்க்க வந்தாள். அன்று காலை குழாயை எடுத்திருந்தார்கள், அதுதான் வினை. தினேஷ் ரத்த ரிப்போர்ட் வாங்கக் கீழே போனான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பழம் எதுவும் கொண்டுவராத ஒரே விருந்தாளியாக, என் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தாள். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திறந்தேன்.

“எல்லாம் நல்லபடியா முடியும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். “சொல்லிட்டாரா?”

நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

“பரவால்லண்ணா. யாராண்டயாவது சொன்னாரே.” பிறகு, “அவராண்ட இன்னா கேட்டாலும் உன் இஷ்டம்றாரு. டீயா காபியான்னா உன் இஷ்டம். சினிமாவுக்கா பீச்சுக்கான்னா உன் இஷ்டம். இதுக்கும் அதே. என் இஷ்டம் இன்னான்னு எனக்குத் தெரியும். அத்த அவரு சொல்லிக் குடுக்க வேணாம். அது நடக்கற அன்னிக்கி அவரு எங்க இருப்பாருன்னுதான் தெரியல.”

“டிரெய்னிங்குக்காகவா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“டிரெய்னிங் இல்லன்னாலும் இப்ப வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். பெரிய காரணம் இருந்தாத்தான் ஒத்துக்குவீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் தினேஷ் வந்துவிட்டான். இருவரும் ஒரே ஸ்டூலைப் பார்த்தபடி நின்றார்கள். “நீ உக்காரு.” “பரவால்ல, நீங்க உக்காருங்க.” யாரும் உட்காரவில்லை. அவள் கிளம்பிப் போனாள். தள்ளிப்போட அவளுக்கு நாள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். என் கணையத்தைவிட அது என்னைப் பயமுறுத்தியது.

அன்று மாலை அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். ரத்தத்தில் கணையத்தின் கோபம் குறைந்துவிட்டது. வயிற்றில் நான்கு சிறு துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தபடி பித்தப்பையை எடுத்துவிடலாம். வழக்கம்போல என் வயிற்றுக்கு மேலாக தினேஷைப் பார்த்துக் கேட்டார்.

“நாளைக்கே போட்டுடலாமா?”

“சார், அவராண்ட கேளுங்க” என்றான் தினேஷ். “வயிறு அவுருது.”

டாக்டர் குனிந்து, அங்கே ஒரு தலையும் இருப்பதை அப்போதுதான் கவனித்தவர்போல என்னைப் பார்த்தார். தினேஷ் கட்டிலருகில் குந்தி உட்கார்ந்தான். “மாமா, இப்ப வேணாம்னா சொல்லுங்க, டிஸ்சார்ஜ் ஆயி அப்பறம் வந்து பண்லாமா, அதுல ரிஸ்க்கு இன்னான்னு நான் கேக்கறேன். பண்ணிக்கிறேன்னா பண்ணிக்கோங்க. எதுன்னாலும் நான் ஆபரேஷன் ரூம் வாசல்லயே இருப்பேன். டீ குடிக்கக்கூடப் போவ மாட்டேன்.”

தள்ளிப்போட்டால் இன்னொரு கல் நழுவி மறுபடி இதே கூத்து நடக்கலாம் என்றார் டாக்டர். நாளைக்கே என்றேன். பயம் போகவில்லை. ஆனால் ஒரு வாசலில் ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்தால், பயம் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்த மாதிரி கொஞ்சம் அடங்குகிறது.

டாக்டர் போனதும் சொன்னேன். “டேய், இப்ப என்கிட்ட சொன்னியே, அத அவகிட்ட சொன்னியா?”

“இன்னாத்த மாமா?”

“வயிறு அவருதுன்னு சொன்ன. அதோட நிறுத்தல. வாசல்ல இருப்பேன்னும் சொன்ன. அவகிட்ட முதல் பாதிய மட்டும் சொல்லிட்டு வந்துட்ட.”

அவன் வெகுநேரம் தன் பாஸின் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் திருக்குறளை எடுக்கப் போனேன். அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பித்தப்பை போனது. எடுத்த கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு அளவுதான். கடையில் அந்த அளவில் வாஷர்கூடக் கிடையாது. இன்சூரன்ஸ்காரர்கள் பில்லில் எதை ஒத்துக்கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்பது நகைச்சுவைக் கட்டுரைக்கு அடங்காத சோகம், விட்டுவிடுகிறேன். மயக்கம் தெளிந்தபோது வாசலில் தினேஷ் இருந்தான். டீ குடித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். நம்பினேன்.

அவர்கள் இருவரும் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்குப் போனது, நான் வீட்டில் பத்தியக் கஞ்சியோடு இருந்தபோது. அன்று மல்லிகா ஏதோ பயிற்சி வகுப்பு என்று விடிந்ததும் கிளம்பிவிட்டதால் கஞ்சியை நானே சூடுபண்ணிக் குடித்தேன். என் மைத்துனன் என்ன செய்கிறானோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வந்து சொன்னான்.

“ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்க மாமா. கேட்டாண்ட ஒரு ஷெட்டு. அங்க எல்லாரும் பையும் ஃபிளாஸ்க்குமா நின்னுகினு கீறோம். பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. பாதிப் பேரு கொழந்த பொறந்துச்சான்னு பாக்க வந்தவங்க. எனக்கும் ஒருத்தரு மிட்டாய் குடுத்தாரு. வாங்கிகினேன்.”

“அவகூட?”

“ஒரு லேடீஸ் போனாங்க உள்ள.”

தோழியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேனில் கரு கர்ப்பப்பையில்தான் இருந்தது. ஏழாவது வாரம். டாக்டரம்மா முதலில் ரேவதியைத் தனியாக வைத்துக்கொண்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டிருக்கிறார். பிறகு இவனையும் உள்ளே கூப்பிட்டார்.

“என்னத் தனியா நிக்க வெச்சிட்டாங்களேன்னு மொதல்ல ஒரு மாதிரி ஆயிடிச்சி. அப்பறம் நெனச்சேன், நானே மாத்திரைய வாங்கி வெச்சவன்தான. கேக்கத்தான் கேப்பாங்க.”

உள்ளே போனவன் என் படுக்கையருகே கற்ற வித்தையைக் காட்டினான். எவ்வளவு வலிக்கும், எவ்வளவு ரத்தம் போனால் சரி, எவ்வளவு போனால் பயப்பட வேண்டும் என்று கேட்டான். முதல் மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே. அது கரு வளர்வதை நிறுத்தும். ஓரிரு நாள் கழித்து இரண்டாவது, அது கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றும். வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் மாதவிலக்கைவிட அதிகமாக இருக்கும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே வர வேண்டும். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதா என்று காட்ட வர வேண்டும். கையெழுத்து ரேவதி போட்டாள்.

இரண்டாவது மாத்திரை நாளில் தினேஷ் மறுபடி லீவு போட்டான். யார்டில், “மாமாவுக்கு இன்னும் சரியாவலியா?” என்று கேட்டார்களாம். ஆமாம் என்றானாம். வெந்நீர்ப் பை வைத்தான், ரசம் சாதம் பிசைந்தான், பக்கெட்டைக் கழுவினான். அவள் சுருண்டு படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பேசு என்றால் பேசினான், பேசாதே என்றால் பேசவில்லை. வலி குறைந்து அவள் தூங்கியபின் மொட்டைமாடிக்குப் போனானாம்.

“அங்க போய்க் கொஞ்சம் அழுதேன் மாமா. அவ எடுத்த முடிவு தப்புன்னு இல்ல. சும்மா வந்துடிச்சி. தப்பா?”

“இல்லடா” என்றேன். அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்த எனக்குக் குழாய் தேவைப்படவில்லை.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அது மல்லிகாவிடம் ரகசியம் காத்தது. முப்பது வருட வியாபாரத்தில் ஒரு போல்ட்டின் விலையைக்கூட மறைக்கத் தெரியாதவன், இதை மறைத்தேன். “ரேவதி ஏன் சோர்ந்தாப்ல இருக்கா?” என்றால், “வெயில்” என்பேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். தினேஷ் போன் செய்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போவேன், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒரு குடும்பத்தின் நிம்மதியை ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் கஞ்சிகூடச் சற்று ருசித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். ரேவதிக்குப் பயிற்சி ஆரம்பமாகி, முதல்முறை கேபின்வரை ஏறி இறங்கியிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் எல்லாம் ஊதுபத்தி மாதிரி தெரிகிறதாம்.

“பயமா இல்லியா?” என்று மல்லிகா கேட்டாள்.

“ஏற்றப்ப இல்ல அண்ணி. எறங்கறப்பதான்.” வஞ்சிர மீன் துண்டை எடுத்தபடி என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்க சொல்லிக் குடுத்ததை அன்னிக்கி போன்ல அப்படியே ஒப்பிச்சாரு. வயிறு உன்னுது, நான் வாசல்ல இருப்பேன்னு. எந்த வாசல்லன்னு கேட்டேன். போனக் கட் பண்ணிட்டாரு. அப்பறம் பஸ்ஸப் புடிச்சி எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாரு.”

தினேஷ் சிரித்தான். மல்லிகாவும் சிரித்தாள். எனக்கு வியர்த்தது. எச்சரிக்கையாக இருமினேன். மேசைக்கு அடியில் தினேஷின் காலைத் தேடி மிதித்தேன். அது மல்லிகாவின் கால்.

“இன்னா இருமுறீங்க?” என்றாள். “ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்கன்னு அவன் சொன்னான் இல்ல? அப்ப இவகூட உள்ள யாரு போயிருப்பான்னு ஒரு தரமாவது யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை.

“எனக்கு மொதல்ல கோவம்தான். இவ வந்து சொன்னப்ப மூஞ்சி குடுத்துப் பேசல. வெளிய போடின்னுகூடச் சொல்லிட்டேன். அப்பறம் நானே போன் பண்ணி, எத்தன மணிக்கி வரணும்னு கேட்டேன்.” எனக்கு மட்டும் எண்ணெய் இல்லாத ரசத்தை ஊற்றினாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இவன் சொன்னான். நான்தான் வேணாம்னேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்பறம் உங்க மூஞ்சில இருந்த ஒரே களை அந்த ரகசியம்தான். அதையும் புடுங்கிட்டா, வெறும் கஞ்சிய வெச்சிகினு எப்படி உக்காந்திருப்பீங்க?”